வாரம் ஒரு ஊசி: இன்டர்ஃபெரானை வீட்டில் பாதுகாப்பாகப் போட்டுக்கொள்வது

கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான நாள்பட்ட ஹெபடைடிஸ் சி-க்கு இன்று இன்டர்ஃபெரான் ஊசி தேவைப்படுவது அபூர்வம். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கிலியட் நிறுவனம் அதைத் தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் குணமாகிறார்கள். அதனால் இன்று யாராவது சி-க்கு ஊசி எழுதித் தந்தால், "மாத்திரை ஏன் வேண்டாம் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் சொல்வார்கள். காரணம் வராவிட்டால் இன்னொரு கல்லீரல் மருத்துவரைப் பார்ப்பதில் தப்பில்லை.

அப்படியானால் இந்தக் கட்டுரை எதற்கு? ஏதோ ஒரு காரணத்தால் இந்த ஊசியில் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவிர, அதே சிரிஞ்சு, அதே 180 மைக்ரோகிராம், ஹெபடைடிஸ் பி-க்கும் டி-க்கும் இன்றும் 48 வாரம் போடப்படுகிறது. தமிழில் தேடினால் "மருத்துவரின் ஆலோசனைப்படி எடுத்துக்கொள்ளவும்" என்ற ஒரே வரியோடு எல்லாப் பக்கமும் முடிந்துவிடுகிறது. மருத்துவர் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிறார். மீதி நாளெல்லாம் மருந்து உங்கள் ஃபிரிட்ஜிலும் உங்கள் உடம்பிலும்தான் இருக்கிறது. தப்பு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

பெட்டியில் உள்ள எண்

பழைய இன்டர்ஃபெரானை வாரம் மூன்று தடவை, தடவைக்கு 30 லட்சம் யூனிட் என்று போட வேண்டியிருந்தது. உடம்பு அதைச் சீக்கிரமே வெளியேற்றிவிடும். அதோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற சங்கிலியை ஒட்டவைத்ததும் வெளியேறும் வேகம் குறைந்தது. வாரம் ஒன்று போதும் என்றானது. இதைத்தான் பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் என்கிறார்கள். இதில் இரண்டு வகை. ஆல்ஃபா-2ஏ, அதாவது பெகாசிஸ், பெரியவர்கள் எல்லோருக்கும் எடை பார்க்காமல் 180 மைக்ரோகிராம். ஆல்ஃபா-2பி எடையை வைத்துக் கணக்கிடுவது: ரிபாவிரின் என்ற மாத்திரையோடு சேர்த்துத் தரும்போது கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம். 64 கிலோ உள்ளவருக்கு 96 மைக்ரோகிராம் வரும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்" என்று மருந்துக்கடையில் நீட்டினால் வாங்காதீர்கள். மருந்துச் சீட்டு மாறாமல் மருந்து மாறக்கூடாது.

அதைவிடப் பெரிய வம்பு மில்லியில் இருக்கிறது. பெகாசிஸ் குப்பியில் 180 மைக்ரோகிராம் 1 மில்லியில் இருக்கும். மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சில் அதே 180 மைக்ரோகிராம் 0.5 மில்லியில் இருக்கும். குப்பியில் பழகியவர் கைக்குச் சிரிஞ்சு வந்தால், "அரை மில்லிதானே இருக்கிறது, இரண்டு போட வேண்டும்போல" என்று இரட்டை டோஸ் போட்டுக்கொள்ள வாய்ப்புண்டு. சிரிஞ்சில் பழகியவர் குப்பிக்கு மாறினால் பழைய நினைவில் அரை மில்லி மட்டும் இழுப்பார். 90 மைக்ரோகிராம்தான் உள்ளே போகும். இந்த இரண்டாவது தப்பு வெளியே தெரியாது. காய்ச்சல் குறையும், உடம்பு லேசாக இருக்கும், மருந்து பழகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். வைரஸ் மட்டும் எதிர்பார்த்தபடி இறங்காது.

ரத்த அணுக்கள் குறைந்து டோஸைக் குறைக்கும்போது இந்தக் குழப்பம் திரும்பவும் வரும். 135 மைக்ரோகிராம் என்றால் குப்பியில் 0.75 மில்லி, சிரிஞ்சில் 0.375 மில்லி. 90 என்றால் குப்பியில் 0.5, சிரிஞ்சில் 0.25. "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்ற வாய்வார்த்தையோடு வீட்டுக்கு வராதீர்கள். மைக்ரோகிராமிலும் மில்லியிலும் எழுதி வாங்குங்கள். ஒரு காலி சிரிஞ்சில் அந்த அளவுக் கோட்டை நர்ஸை விட்டுப் பேனாவால் குறிக்கச் சொல்வது இன்னும் நல்லது. அழுத்தினால் தானாகவே மருந்தைச் செலுத்தும் ஆட்டோ இன்ஜெக்டர் பேனாவில் அளவைக் குறைக்க வழியே இல்லை. அதில் டோஸைக் குறைப்பதென்றால் வேறு பேனா, அல்லது சிரிஞ்சு.

குப்பியிலிருந்து இழுக்க வீட்டில் கிடக்கும் இன்சுலின் சிரிஞ்சை எடுக்கவே கூடாது. இந்தியாவில் இரண்டு விதம் புழங்குகிறது: யு-40 சிரிஞ்சில் 40 கோடு என்றால் 1 மில்லி, யு-100-இல் 100 கோடு என்றால் 1 மில்லி. அந்த எண்கள் இன்சுலின் யூனிட்டுகள். இந்த மருந்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. மில்லி கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். டோஸ் போக மிஞ்சிய மருந்தைச் சேர்த்து வைத்து அடுத்தடுத்த வாரங்களில் ஒன்றுகூட்டிப் போடும் சிக்கனமும் வேண்டாம். விலையைப் பார்த்தால் மனசு வராதுதான். ஆனால் குப்பி ஒருமுறை பயன்பாட்டுக்கு உரியது. வெள்ளை அணு குறைந்திருக்கும் உடம்பில் கிருமி சேர்ந்த மருந்தை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு

பெகாசிஸை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையக் கூடாது, குலுக்கக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு நேர் கீழே இருக்கும் சில்லர் தட்டு உறைய வைத்துவிடும். கதவுத் தட்டு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடாகும். பின்சுவரை ஒட்டி வைத்தாலும் சில ஃபிரிட்ஜ்களில் உறையும். நடுத்தட்டில், சுவரைத் தொடாமல், அட்டைப் பெட்டியோடு வையுங்கள்.

உறைந்து உருகிய மருந்து பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். ஆனால் இது புரதம். உறைந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், வேலை செய்யாது. உறைந்தது என்று தெரிந்தால் எவ்வளவு விலையானாலும் போட வேண்டாம். குலுக்கினாலும் இதே கதிதான். வெளியே இருக்க அனுமதிக்கப்பட்ட நேரம் 24 மணி. அதற்குள் அடங்கும் மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டாம். கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் சரி. கடையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்துப் பெட்டி நேரடியாக ஐஸைத் தொடாமல் வையுங்கள். பத்திரமாகக் கொண்டுவருகிறோம் என்று ஐஸ்கட்டிக்குள் புதைத்து உறைய வைப்பது எளிதில் நடக்கக்கூடியது.

ஆல்ஃபா-2பி மருந்தான பெக்இன்ட்ரான் வகைப் பேனாவில் மருந்து பொடியாக இருக்கும். கண்ணாடிக் குழாயின் இரண்டு அறைகளில் ஒன்றில் பொடி, மற்றதில் தண்ணீர். அதைக் கலக்கும்வரை 25 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பார்கள். சித்திரை வெயிலில் நம் வீட்டு அறைகள் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டும் என்பதால் எங்கே வைப்பது என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கலந்தபின் உடனே போட வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணிக்குள்.

போடும் நேரம்

இதுதான் பயமுறுத்தும் பகுதி, ஆனால் உள்ளதிலேயே சுலபமானதும் இதுதான். தசைக்குள் போடுவது அல்ல, தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் போடுவது. வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு எங்கும் போடலாம், தொடையிலும் போடலாம். பெல்ட், பாவாடை நாடா, வேட்டி முடிச்சு அழுத்தும் இடம் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் இடம் மாற வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் அங்கே தோல் தடித்தோ குழிவிழுந்தோ போகும்; மருந்தும் சீராக உறிஞ்சப்படாது. காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் "இடது வயிறு", "வலது தொடை" என்று எழுதி வைத்தால் குழப்பம் இல்லை.

சிரிஞ்சை வெளியே எடுத்து சமமான இடத்தில் சில நிமிடம் வையுங்கள். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் அதன்மேல் உடனே வியர்த்ததுபோல் நீர் கோர்க்கும்; அது மறையும்வரை பொறுங்கள். குப்பி என்றால் உள்ளங்கைகளுக்கிடையே ஒரு நிமிடம் மெதுவாக உருட்டலாம். வெந்நீரில் வைப்பது, வெயிலில் வைப்பது எல்லாம் கூடாது. குளிர்ந்த மருந்து போட்டால் எரியும், அவ்வளவுதான்; சூடேற்றிய மருந்து கெட்டே போகும். மருந்து தெளிவாக, நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். கலங்கல், துகள் இருந்தால் வேண்டாம். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சோப்புப் போட்டுக் கை கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைத்து, அது காற்றில் தானாகக் காய விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய் எரிக்கும். ஊதிக் காய வைத்தால் துடைத்ததே வீண். ஊசியை மேல்நோக்கிப் பிடித்துச் சுண்டினால் குமிழி மேலே வரும். பிஸ்டனை மெல்லத் தள்ளி அதை வெளியேற்றி, உங்கள் டோஸ் கோட்டில் நிறுத்துங்கள். தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து 45 முதல் 90 டிகிரி சாய்வில் ஊசியை முழுதாக உள்ளே விடுங்கள். ஒல்லியானவர்களுக்கு 45 நல்லது. சிரிஞ்சில் ரத்தம் தெரிந்தால் மருந்தைச் செலுத்தாமல் வெளியே எடுத்து, அந்தச் சிரிஞ்சைக் கழித்துவிட்டு, வேறு இடத்தில் புதியதைப் போடுங்கள். இல்லையென்றால் நிதானமாக முழுவதும் செலுத்தி, அதே சாய்வில் வெளியே எடுத்துப் பஞ்சை வைத்து லேசாக அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். ஆட்டோ இன்ஜெக்டரைத் தோலுக்கு நேர் செங்குத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். 'கிளிக்' சத்தம் கேட்டதும் எடுத்துவிடுவதுதான் அதில் நடக்கும் தப்பு. பத்து விநாடியாவது அழுத்திய நிலையிலேயே வைத்திருங்கள். தோல்மேல் மருந்து ஒழுகினால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஒழுகியதை ஈடுகட்ட இன்னொரு ஊசி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவரிடம் சொல்லி, அடுத்த வாரம் வழக்கமான நாளில் தொடருங்கள்.

போட்ட ஊசி எங்கே போகிறது

இந்த வியாதியின் வரலாறே ஊசியின் வரலாறுதான். எகிப்தில் நத்தை மூலம் பரவும் ஒட்டுண்ணி நோய்க்கு 1950-களிலிருந்து 80-கள் வரை அரசே ஊர் ஊராகப் போட்ட ஊசிகளால், சரியாகக் கொதிக்க வைக்காத கண்ணாடிச் சிரிஞ்சுகள் வழியாக, ஹெபடைடிஸ் சி ஒரு தலைமுறைக்கே பரவியது. நல்ல நோக்கத்தோடு போட்ட ஊசிகள் அவை. சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள்வரை உயிரோடு இருந்ததை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, சி-க்கு இல்லை. குத்துப்பட்டபின் போட்டுக்கொள்ளத் தடுப்பு மருந்தும் இல்லை.

ஆகவே ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். அந்த நொடியில் ஊசி கையில் குத்திவிடலாம். ஊசியோடு அப்படியே கடினமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போடுங்கள். கழிப்பறை சுத்தம் செய்யும் ஆசிட் பாட்டில், தடித்த எண்ணெய் கேன் போன்றவை சரி. தண்ணீர் பாட்டில் ஊசி துளைத்து வெளியே வரும் அளவுக்கு மெல்லியது. முக்கால் நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, ஊசி வாங்கிய மருத்துவமனையிலோ ரத்தப் பரிசோதனை செய்யும் லேபிலோ கொடுங்கள். அவர்களிடம் கூர்மையான கழிவுகளுக்கென்று துளைபடாத வெள்ளைப் பெட்டி இருக்கும். வீட்டில் பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் தனியாகப் பிரிக்க வேண்டிய கழிவு. குப்பை வண்டியில் வீசினால் அதைப் பிரிப்பது வெறுங்கையோடு நிற்கும் துப்புரவுப் பணியாளர். உங்களை இந்த நோய்க்கு ஆளாக்கியதே யாரோ ஒருவரின் அலட்சிய ஊசியாக இருக்கலாம். அதை அடுத்தவர் கைக்குக் கடத்த வேண்டியதில்லை.

வீட்டில் யாருக்காவது குத்திவிட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றுவது, வாயில் வைத்து உறிஞ்சுவது, பிளீச்சிங் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். அன்றே ஒரு ஆன்டிபாடி (வைரஸுக்கு எதிராக உடம்பு சுரக்கும் எதிர்ப்புப் பொருள்) பரிசோதனை, 3 முதல் 6 வாரத்தில் வைரஸையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனை, 4 முதல் 6 மாதத்தில் மீண்டும் ஆன்டிபாடி. தொற்றியிருந்தாலும் இன்று மாத்திரையில் குணமாகும் என்பதைச் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் குத்துப்பட்டவர் நாட்கணக்கில் தூங்கமாட்டார். ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, கொசு கடிப்பது இவற்றால் சி பரவாது. ரேஸர், நகவெட்டி, பல் தேய்க்கும் பிரஷ் மட்டும் தனித்தனி.

அன்று இரவும் மறுநாளும்

போட்ட சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடம்புவலி, தலைவலி வரும். மருந்தின் இயல்பான விளைவுதான் இது; நம் உடம்பே வைரஸ் காய்ச்சலில் சுரக்கும் பொருளைத்தானே வெளியிலிருந்து ஏற்றுகிறோம்? ஓரிரு நாளில் தணியும். சில வாரங்களில் பலருக்கு உக்கிரமும் குறையும். அதனால் சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொண்டு, ஞாயிறு ஓய்வெடுத்து, திங்கள் வேலைக்குப் போகிறார்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு விடுமுறைக்கு முந்தின நாள் எதுவோ அது. முக்கியம், வாரத்தின் அதே நாள்.

போடுவதற்கு அரை மணி முன் ஒரு பாராசிட்டமால் போடலாம். ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்குள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகள், கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கும். தண்ணீர், மோர், கஞ்சி எதுவானாலும் நிறையக் குடியுங்கள்.

ஆனால் ஊசி போட்டு மூன்றாம் நாளும் நான்காம் நாளும் காய்ச்சல் அடித்தால், 'ஊசிக் காய்ச்சல்' என்று விட்டுவிடக் கூடாது. வெள்ளை அணு குறைந்து, உண்மையான தொற்று வந்திருக்கலாம். வாரம் தவறாமல் காய்ச்சல் வருபவருக்குக் காய்ச்சல் என்ற எச்சரிக்கை மணி பழுதாகிவிடுகிறது. நாளையும் நேரத்தையும் வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு

ஊசி தொடங்கும் முன்பே வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 1,500-க்கு மேல், பிளேட்லெட் 90,000-க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தொடங்கி 2-ஆவது வாரம், 4-ஆவது வாரம், அதன்பின் ஏறத்தாழ மாதம் ஒருமுறை முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை. தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் 12 வாரத்துக்கு ஒருமுறை. பெகாசிஸுக்கு வழக்கமாகப் பின்பற்றும் வரம்புகள் இவை: நியூட்ரோஃபில் 750-க்குக் கீழே போனால் டோஸை 135-க்கு இறக்குவார்கள், 500-க்குக் கீழே போனால் நிறுத்தி, 1,000-ஐத் தாண்டியதும் 90-இல் மீண்டும் தொடங்குவார்கள். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனால் டோஸ் 90. 25,000-க்குக் கீழே நிறுத்தம். லேப் சீட்டில் மொத்த வெள்ளை அணுவும் நியூட்ரோஃபில் சதவீதமும்தான் இருக்கும். மொத்தம் 2,400, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் 720. சீட்டில் எங்கும் அந்த 720 இருக்காது. பெருக்கிப் பார்த்தால்தான் வரம்பைத் தாண்டியது தெரியும்.

சி-க்கு ஊசியோடு ரிபாவிரினும் சேர்த்துத் தருவார்கள். பி, டி-க்கு அது கிடையாது. பெகாசிஸோடு, வைரஸின் மரபுவகை (ஜீனோடைப்) 1, 4-க்கு 75 கிலோவுக்குக் கீழே தினம் 1,000 மில்லிகிராம், அதற்கு மேல் 1,200, 48 வாரம். 2, 3-க்கு 800, 24 வாரம். 200 மில்லிகிராம் மாத்திரையாக, இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. இந்த மருந்து சிவப்பணுக்குள் புகுந்து சேர்ந்துகொள்ளும், அணுவால் அதை வெளியேற்ற முடியாது, அணு உடையும். ஊசியோ எலும்பு மஜ்ஜையை அடக்குவதால் புது அணு வேகமாக வராது. இரண்டும் சேர்ந்து முதல் ஓரிரு வாரத்திலேயே ஹீமோகுளோபின் சரியத் தொடங்கும். 10-க்குக் கீழே ரிபாவிரினை 600-க்குக் குறைப்பார்கள், 8.5-க்குக் கீழே நிறுத்துவார்கள். இதயநோய் உள்ளவருக்கு நான்கு வாரத்தில் 2 கிராம் இறங்கினாலே குறைக்க வேண்டும். மாரடைப்பு வரை போகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு பிடிப்பது இரண்டையும் சோர்வு என்று தள்ளாதீர்கள்.

ரத்தம் குறைந்துவிட்டது என்று வீட்டில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழ சிரப்பும் வாங்கி ஊற்றுவார்கள். இங்கே இரும்பு பற்றாமல் போகவில்லை, அணு உடைகிறது. தேவையில்லாத இரும்பு கல்லீரலிலேயே போய்ப் படியும். உடம்பில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னால் மட்டும் இரும்பு. சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று: சிவப்பணு சீக்கிரம் உடைவதால் மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி பொய்யாகக் குறைந்து காட்டும். 6.2 என்று மகிழ்ந்து மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது. விரல் நுனிச் சோதனையை நம்புங்கள்.

ரிபாவிரின் கருவைச் சிதைக்கும். பெண் எடுத்தாலும் ஆண் எடுத்தாலும் இதே எச்சரிக்கைதான், இதை ஆண்களிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. உடம்பை விட்டு முழுதாகப் போக மாதங்கள் ஆகும் என்பதால் சிகிச்சை முழுவதும், முடிந்தபின் பெண் எடுத்திருந்தால் ஒன்பது மாதமும் ஆண் எடுத்திருந்தால் ஆறு மாதமும் கருத்தடை அவசியம், இரண்டு முறைகளில். மாதம் ஒரு கர்ப்பப் பரிசோதனை. மனைவி கர்ப்பமாக இருக்கும் ஆணுக்கு ரிபாவிரின் கூடாது. பரம்பரை ரத்த நோய்களான தலசீமியா மேஜர், சிக்கிள் செல் உள்ளவர்களுக்கும் கூடாது.

மனசு

ரத்தத்தில் தெரியாத பக்கவிளைவு இது. அதனாலேயே இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். இன்டர்ஃபெரான் மூளையின் வேதியியலை மாற்றும். தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவார்கள், பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் போகும். தற்கொலை எண்ணம் வந்தவர்கள் உண்டு, முன்பு மனநோய் எதுவும் இல்லாதவர்களுக்கும்கூட. பெட்டியோடு வரும் தாளின் முதல் எச்சரிக்கையே இதுதான். 'நோய் வந்த கவலை', 'மனத்தைரியம் இல்லை' என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருந்து செய்யும் வேலை, மருந்தால் சரிசெய்ய முடிந்தது.

தொடங்கும் முன்பே பழைய மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தேவையென்றால் மனநல மருத்துவரை முன்கூட்டியே சேர்த்துக்கொள்வார்கள். வீட்டில் ஒருவர் வாரம் ஒருமுறை நேராகக் கேட்க வேண்டும்: தூக்கம் எப்படி, பசி எப்படி, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா. அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. தோன்றுகிறது என்றால் அன்றே மருத்துவமனை, அடுத்த ஊசி கிடையாது. தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தும் பேசலாம். கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் இந்தக் கவனம் வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண் மங்கினாலோ பார்வையில் புள்ளி விழுந்தாலோ உடனே கண் மருத்துவர். தொடங்கும் முன்பே ஒரு விழித்திரைப் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இடையிடையேயும். வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல் வந்தால் எக்ஸ்-ரே. முதுகுக்கு ஊடுருவும் மேல்வயிற்று வலி என்றால் கணைய அழற்சியாக இருக்கலாம். வயிற்றில் நீர், ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, மனக்குழப்பம் என்று ஏற்கெனவே கல்லீரல் தளர்ந்துபோனவர்களுக்கு இந்த ஊசியே கூடாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு ஹெபடைடிஸ் உள்ளவர்களுக்கும் கூடாது. முடி கொட்டும், முடிந்தபின் வளரும். வாய் உலர்ந்து பல் கெடும். இரண்டு வேளை தேயுங்கள். மது அறவே வேண்டாம்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. சென்னையில் நடந்த ஓர் ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அது ஹெபடைடிஸ் பி பற்றியது. பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் அந்தப் பலனை உறுதிசெய்யவில்லை. சி வைரஸை அது போக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசியோடு சேர்த்து நாட்டு மருந்து எடுப்பதில் உள்ள சிக்கல், கல்லீரல் என்சைம் ஏறினால் எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க முடியாமல் போவது. ஊசி நிறுத்தப்படும்; குற்றவாளி சூரணமாக இருக்கலாம்.

தவறிப்போனால், முடிந்தபின்

பெகாசிஸ் ஊசி மறந்துபோய் இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நாளிலேயே போடலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். விட்டதைப் பிடிக்க ஒரே நாளில் இரண்டு போடக் கூடாது. ஊசியை விட்டுவிட்டு ரிபாவிரினை மட்டும் தொடர்வதில் பயனே இல்லை. அது தனியாக சி-யைக் குணமாக்காது, ரத்தத்தை மட்டும் குறைக்கும்.

12-ஆவது வார ஆர்என்ஏ பரிசோதனை முக்கியமானது. தொடக்க அளவில் நூறில் ஒரு பங்காகவாவது வைரஸ் இறங்கியிருக்க வேண்டும்: 40 லட்சம் என்றால் 40,000-க்குக் கீழே. இறங்கவில்லை என்றால், அல்லது 24-ஆவது வாரத்திலும் வைரஸ் தெரிந்தால், நிறுத்துவதே சரி. மீதி வாரங்களைத் தொடர்ந்தாலும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை, கஷ்டம் மட்டும் மிச்சம். 'பாதியில் விட்டோமே' என்று வருந்த வேண்டாம். இப்படி ஊசியில் தோற்றவர்களும் இன்று மாத்திரையில் குணமாகிறார்கள். மாத்திரைக்கு மாறும்முன் பி-க்கான ஹெச்பிஎஸ்ஏஜி பரிசோதனையைச் செய்துவிடுங்கள். சி அடங்கும்போது உள்ளே பதுங்கியிருந்த பி எழுந்து கல்லீரலைத் தாக்கலாம்.

எல்லாம் நல்லபடி முடிந்தால், கடைசி ஊசியிலிருந்து 24 வாரம் கழித்து ஆர்என்ஏ இல்லை என்று வந்தால்தான் குணம். சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் வைரஸ் போனபிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிறு ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். புற்றுநோய் அபாயம் குறையுமே தவிர மறையாது. ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் சோதனையிலோ மாஸ்டர் ஹெல்த் செக்கப்பிலோ 'ஹெச்சிவி பாசிட்டிவ்' என்று வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த 24-ஆவது வார ஆர்என்ஏ ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வைத்து, கேட்கும் இடத்தில் காட்டுங்கள். ரத்த தானம் மட்டும் இனி செய்ய முடியாது.